கடைமடைக்குச் சேரும் காற்று

மூச்சு வாங்குகிறது என்று இன்றைக்குப் புளியங்குடியில் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் விரலை நீட்டச் சொல்கிறார்கள். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை வந்து போன பிறகு, பல்ஸ் ஆக்சிமீட்டர் என்ற அந்தச் சின்னக் கருவி மருந்துக்கடையிலிருந்து வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டது. விரலில் மாட்டினால் எண் ஒளிர்கிறது. 97 என்று காட்டினால் சுற்றி நிற்பவர்களின் முகம் தெளிகிறது. "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க தாத்தா" என்று பெரியவரைத் தேற்றுகிறார்கள்.

அந்த 97 பொய்யில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்கிறது. ரத்தம் தன்னால் சுமக்க முடிந்த ஆக்சிஜனில் எவ்வளவைச் சுமந்துகொண்டு போகிறது என்பது கேள்வி. அதற்கு 97 சதவீதம் என்பது பதில். காற்று நுரையீரலின் அடிவரைக்கும் போய்த் திரும்புகிறதா, உடம்பு கழித்துவிட்ட கரியமில வாயுவை வெளியே கொண்டுவந்து கொட்டுகிறதா என்று அந்தக் கருவியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எண்ண வேண்டும், அளக்க வேண்டும், கழிக்க வேண்டும், பெருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குதான். ஆனால் அதற்குள் உயிரைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது என்று எனக்குப் பல காலமாகத் தோன்றிவருகிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. மேற்கே மலை, அடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள், ஊருக்குள் எலுமிச்சை மார்க்கெட் என்றுதான் வெளியூர்க்காரர்கள் புளியங்குடியை அறிவார்கள். திண்ணைகளில் நடக்கும் வேலையை அவ்வளவாக அறியமாட்டார்கள். தென்காசி மாவட்டத்தின் ஊர்களில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். புகையிலைத் தூள் விரலில் ஏறுகிறது, சேலையில் ஏறுகிறது, மூச்சிலும் ஏறுகிறது. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிகள், அங்கே பஞ்சுத்தூசி. கேஸ் அடுப்பு வருவதற்கு முன்னால் ஆயுசில் பாதியை விறகுப் புகையில் கழித்த ஆச்சிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. இவர்கள் இளைப்பு என்று போய் நிற்கும்போது, "புகை பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்பார்கள். "ஐயோ, அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்று உண்மையைச் சொல்வார்கள். தாளில் 'இல்லை' என்று விழும். அந்த 'இல்லை'க்குப் பின்னால் நாற்பது வருடப் புகையும் தூசியும் எழுதப்படாமலே நின்றுவிடும்.

மூச்சை எண்ணுவது நமக்குப் புதிதல்ல. ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்று சித்த மரபும் யோக மரபும் சொல்லிவருகின்றன. சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் வேய்ந்த பொன்னோடுகளுக்கும் அதே எண்ணிக்கையைச் சொல்வார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. வகுத்துப் பார்த்தால் நாழிகைக்கு 360 மூச்சு. நாழிகை என்பது 24 நிமிடம். மறுபடி வகுத்தால் நிமிடத்துக்கு 15. ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை என்று இன்றைய மருத்துவ நூல் சொல்கிறது. 360-ஐ அறுபதால் பெருக்கிய வட்டக் கணக்கின் அழகுக்காக நம் முன்னோர் இந்த எண்ணைத் தேர்ந்திருந்தாலும், அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் மூச்சுக்கு அது பொருந்தவே செய்கிறது. அவர்கள் எண்ணிக்கையோடு நிற்கவும் இல்லை. இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு வைத்தார்கள். எத்தனை மூச்சு என்பது மட்டும் போதாது, ஒவ்வொரு மூச்சும் எவ்வளவு என்பதும் வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது.

மருத்துவக் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. பாடப்புத்தகத்தில் வரும் பெரியவர் ஒரு மூச்சில் இழுப்பது அரை லிட்டர், 500 மில்லி. நிமிடத்துக்கு 15 தடவை. பெருக்கினால் 7,500 மில்லி, அதாவது ஏழரை லிட்டர். கணக்கு முடிந்துவிட்டது போலிருக்கும். முடியவில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், அதன் கிளை, கிளையின் கிளை என்று காற்று போகும் பாதை முழுவதும் வெறும் பாதைதான். அங்கே காற்றும் ரத்தமும் சந்திப்பதில்லை. சந்திக்கும் இடம் பாதையின் கோடியில் கொத்துக் கொத்தாக இருக்கும் காற்று நுண்ணறைகள். முப்பது கோடிக்கு மேல் உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் அங்கே போய்ச் சேராமல் பாதையிலேயே நின்று திரும்பிவிடும் காற்று ஏறக்குறைய 150 மில்லி. மருத்துவர்கள் அதை டெட் ஸ்பேஸ் என்பார்கள்.

கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடையைத் திறந்தால் தண்ணீர் முதலில் வாய்க்காலைத்தான் நிரப்பும். அது நிரம்பிய பிறகுதான் வயலுக்கு. கொஞ்ச நேரம் திறந்து மூடி, மறுபடி கொஞ்ச நேரம் திறந்து மூடினால் வாய்க்கால் நனைந்துகொண்டே இருக்கும், கடைசி வயல் காய்ந்துகொண்டே இருக்கும். அன்றைக்குத் திறந்துவிட்ட தண்ணீரின் மொத்தக் கணக்கு மட்டும் நோட்டில் சரியாக இருக்கும்.

ஆகவே பெருக்குவதற்கு முன்னால் கழிக்க வேண்டும். 500-இல் 150 போனால் 350. அதை 15-ஆல் பெருக்கினால் 5,250. உள்ளே போன ஏழரை லிட்டரில் நுண்ணறைக்குச் சேர்ந்தது ஐந்தே கால்.

அதே மனிதருக்கு நிமோனியா வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், அல்லது விலா எலும்பு முறிந்து வலிக்கிறது. ஆழமாக இழுக்க முடியவில்லை. 250 மில்லிதான் உள்ளே போகிறது. ஈடுகட்டுவதற்காக நிமிடத்துக்கு 30 தடவை இழுக்கிறார். 250-ஐ 30-ஆல் பெருக்குங்கள்: அதே 7,500. மொத்தத்தில் ஒரு மில்லிகூடக் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் பாதைக்கு 150 போக மிஞ்சுவது 100 மட்டுமே. முப்பது நூறு, 3,000. நலமாக இருந்தபோது 5,250 சேர்ந்த இடத்தில் இப்போது 3,000 சேர்கிறது. மூச்சின் எண்ணிக்கை இரண்டு மடங்கு. கழுத்துத் தசை விடைக்கிறது, மூக்கு விரிகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. சேர்ந்ததோ பாதிக்குச் சற்று மேலே. இன்னொருவர் நிதானமாக நிமிடத்துக்கு 10 தடவை, 750 மில்லி வீதம் இழுக்கிறார். அவருக்கும் மொத்தம் அதே 7,500, ஆனால் சேர்வது 6,000. மூன்று பேர், ஒரே மொத்தம், மூன்று வேறு விதி. இந்தக் கணக்கை எப்போது போட்டாலும் என் மனம் அந்த 7,500-இல் போய் நின்றுவிடுகிறது. சரியான எண் ஒன்று இவ்வளவு பெரிய வேறுபாட்டை மறைத்துக்கொண்டு நிற்க முடியும் என்பது எனக்குப் பழகாத விஷயமாகவே இருக்கிறது.

அந்த 150 மில்லியும் நிலையான எண் இல்லை. காற்று நுண்ணறை வரைக்கும் போயிருக்கலாம். அங்கே ரத்தம் வராவிட்டால் அந்த அறைக்குப் போன காற்றும் வீண்தான். நுரையீரலின் ரத்தக்குழாயில் உறைகட்டி போய் அடைத்தவருக்கும், வருடக்கணக்கில் புகையை உள்வாங்கி நுண்ணறைச் சுவர்கள் இற்றுப்போனவருக்கும் இப்படி வீணாகும் பங்கு கூடிவிடுகிறது. உள்ளே போய்ப் பார்க்காமல் அதை எப்படி அளப்பது? கோபன்ஹேகனில் உடலியல் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் போர் 1891-இல் வழி கண்டுபிடித்தார். அணுவின் அமைப்பை விளக்கிய நீல்ஸ் போரின் தகப்பனார் இவர். வெளியிலிருந்து இழுக்கும் காற்றில் கரியமில வாயு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே வீணாகத் திரும்பும் காற்றிலும் அது இருக்காது. நுண்ணறையிலிருந்து வரும் காற்றில் மட்டுமே இருக்கும். இரண்டும் கலந்து வெளியே வரும்போது கரியமில வாயு எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறதோ, அவ்வளவு காற்று வீணாகியிருக்கிறது. பின்னாளில் ஸ்வீடனின் எங்காஃப் நுண்ணறைக் காற்றுக்குப் பதிலாகத் தமனி ரத்தத்தையே அளவாக வைத்தார். மருத்துவமனைகளில் இன்று நடப்பது அதுதான். கரியமில வாயுவின் அழுத்தம் ரத்தத்தில் 40, வெளிவிடும் மூச்சில் 28 என்றால் வித்தியாசம் 12. 12-ஐ 40-ஆல் வகுத்தால் 0.3. பத்தில் மூன்று பங்கு வீண். அது எல்லோருக்கும் உள்ளதுதான். ரத்தத்தில் 60, மூச்சில் 24 என்றால் 36-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்: 0.6. அவர் இழுக்கும் பத்தில் ஆறு பங்கு அவருக்குப் பயன்படவில்லை.

இங்கே சாட்சி சொல்வது ஆக்சிஜன் இல்லை, கரியமில வாயு. நாம் எதைத் தேடி மூச்சு விடுகிறோமோ அதைவிட, எதைக் கழித்துவிட மூச்சு விடுகிறோமோ அதுதான் மூச்சின் நிலைமையை உள்ளபடி சொல்கிறது. ஓய்வாக இருக்கும் உடம்பு நிமிடத்துக்கு 200 முதல் 250 மில்லி வரை கரியமில வாயுவை உண்டாக்குகிறது. நுண்ணறைக்குச் சேரும் காற்றுதான் அதை வெளியேற்ற வேண்டும். சேரும் காற்று பாதியானால் ரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் இரட்டிப்பாகும். 40 இருந்த இடத்தில் 80. இதைத் திருப்பிப் போட்டால் வாயில் எந்தக் குழாயும் வைக்காமலே காற்றோட்டத்தைக் கணக்கிடலாம். உண்டாகும் வாயு 0.24 லிட்டர் என்று கொண்டு, அதை 863-ஆல் பெருக்கி, ரத்தத்தின் 40-ஆல் வகுத்தால் ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. 863 என்பது வெப்பநிலையையும் அழுத்த அலகையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதற்காகச் சேர்க்கும் எண். முன்னே கழித்துப் பெருக்கிக் கண்ட ஐந்தே காலும் ரத்தம் சொல்லும் இந்த ஐந்தும் அருகருகே வந்து நிற்பதைப் பாருங்கள். ஒன்று வெளியே மார்பின் அசைவிலிருந்து வந்த கணக்கு, மற்றது உள்ளே ரத்தத்திலிருந்து வந்த கணக்கு.

ரத்தத்தின் எண்ணைத் தனியாகப் படித்தாலும் ஏமாந்துவிடுவோம். ஆஸ்துமா கடுமையாக வந்தவர் ஆரம்பத்தில் வேகமாக மூச்சு விடுவதால் கரியமில வாயு குறைந்து 30-க்குப் பக்கத்தில் இருக்கும். நேரம் போகப் போகத் தசைகள் களைத்து, அது ஏறிக்கொண்டே வந்து 40-ஐத் தொடும். பரிசோதனைத் தாளில் 40 என்றால் இயல்பு. பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது. ஆனால் நிமிடத்துக்கு 30 தடவை மூச்சு விடுகிற ஒருவருக்கு 40 வந்தால் அது உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்துமா வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன. அவ்வளவு பாடுபட்டும் இயல்பைத்தான் தொட முடிகிறது என்றால், அவர் சரிந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். சத்தமாக இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியானால் வீட்டார் நிம்மதி அடைவார்கள். அனுபவமுள்ள நர்ஸ் அப்போதுதான் ஓடிவருவார்.

இன்னொரு ஏமாற்றம் ஆக்சிஜன் முகமூடிக்குள் இருக்கிறது. பல வருட நுரையீரல் அடைப்பு நோயுள்ளவருக்கு அளவில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் விரலில் எண் 99 வரை ஏறும். கூடவே கரியமில வாயுவும் ஏறும். அது விரலில் தெரியாது. அவர் தூங்குகிறார் என்று போர்வையை இழுத்துவிடுவார்கள். அது தூக்கமல்ல, கரியமில வாயு மூளையை மயக்கிய மயக்கம். அப்படிப்பட்டவர்களுக்கு 88 முதல் 92 வரை வைத்தால் போதும் என்பது வழிகாட்டி விதி. எண் கூடினால் நல்லது என்ற நம் எளிய நம்பிக்கைக்கு இந்த விதி ஒத்துவராது. ஒத்துவராததாலேயே அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எண்ணைத் தவறாகப் படிப்பதால் எத்தனை உயிர் போகும், சரியாகப் படித்தால் எத்தனை மீளும் என்பதைக் கோபன்ஹேகன் 1952-இல் பார்த்தது. கிறிஸ்டியன் போர் கணக்குப் போட்ட அதே நகரம். போலியோ கொள்ளைநோயாகப் பரவிய அந்தக் கோடையில் பிளக்டம் மருத்துவமனையில் வந்து குவிந்த குழந்தைகளுக்கு மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்திருந்தன. முதல் சில வாரங்களில் மூச்சு உதவி தேவைப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். ரத்தத்தில் கரியமில வாயுவின் மொத்தச் சேர்மானம் மிக அதிகமாக இருந்தது. ரத்தத்தில் காரம் கூடிவிட்டது, இது ஏதோ விளங்காத கோளாறு என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து மருத்துவர் அதே எண்ணைப் பார்த்து வேறொன்று சொன்னார்: இவர்களின் நுரையீரலுக்குக் காற்று போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆகஸ்ட் 27-ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்துக் காட்டினார். கரியமில வாயு இறங்கியது. சிறுமி பிழைத்தாள். போதுமான இயந்திரங்கள் இல்லாததால் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் பிள்ளைகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். இறப்பு விகிதம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் பிறந்தது.

அந்த மாணவர்களை நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு அமுக்க வேண்டும், எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்பதைச் சொல்ல அவர்கள் கையில் திரை இல்லை. பிள்ளையின் நிறத்தைப் பார்த்தார்கள், வியர்வையைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் சொன்னதைக் கேட்டு அமுக்கும் அளவை மாற்றினார்கள். காற்றோட்டக் கணக்கின் சரியான வடிவம் அதுதான் என்று எனக்குப் படுகிறது: சூத்திரம், அதன் எதிரே படுத்திருக்கும் இந்த ஒரு பிள்ளை, இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும் ஒரு மனிதர்.

இனி அந்த 500 மில்லிக்கு வருகிறேன். இது யாருடைய மூச்சு? 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சளவுக் கருவியை வைத்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊதச் சொல்லி அளந்தார். நுரையீரலின் கொள்ளளவு உடல் எடையோடு சேர்ந்து போவதில்லை, உயரத்தோடு சேர்ந்து போகிறது என்று கண்டார். பருத்த உடம்புக்காரருக்கு நுரையீரல் பெரிதாகிவிடுவதில்லை. இந்த எளிய உண்மை வெண்டிலேட்டர் பக்கத்துக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் கடுமையாகப் பழுதானவர்களுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி வீதம் காற்றுத் தள்ளியபோது 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி வீதம் தள்ளியபோது 31 சதவீதம் பேர். பிழைக்க வைக்கத் தள்ளிய காற்றே நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்தது என்பது அப்போது ஐயமின்றித் தெரிந்தது.

அந்தக் கணக்கை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கலாம். பெண்களுக்கு 45.5-உடன், சென்டிமீட்டரில் உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து 0.91-ஆல் பெருக்கியதைச் சேர்க்க வேண்டும், ஆண்களுக்கு 45.5-க்குப் பதில் 50. பீடி சுற்றும் அம்மா ஒருவர் 150 சென்டிமீட்டர் உயரம் என்றால் அவருடைய கணக்கெடை 43 கிலோ சொச்சம். கிலோவுக்கு 6 மில்லி என்றால் 260 மில்லி. 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு 423 மில்லி. பாடப்புத்தகத்தின் 500 மில்லியை யாராவது பழக்கத்தில் அந்த அம்மாவுக்கு வைத்துவிட்டால், அது அவருக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 12 மில்லி. எந்த அளவில் அதிகம் பேர் இறந்தார்களோ அதே அளவு. அவர் எழுபது கிலோ எடை இருந்தாலும் நுரையீரல் 43 கிலோவுக்கு உரியதுதான். படுத்த படுக்கையாக வந்தவரின் உயரத்தை யாரும் அளப்பதில்லை; கண்ணால் பார்த்து உத்தேசமாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு அளவுநாடாவும் ஒரு நிமிடமும் போதும்.

நம் நுரையீரலின் அளவை நாமே அளக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். சென்னை சேத்துப்பட்டின் அன்றைய காசநோய் ஆராய்ச்சி மையம் சென்னையின் ஆரோக்கியமான இளவயதினருக்கு மூச்சளவு எடுத்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. ஐரோப்பிய அட்டவணையை வைத்து நம்மை அளந்தால் நலமாக இருப்பவரும் நோயாளியாகத் தெரிவார் என்பதால் அந்த வேலை அவசியமாக இருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நம்மவர்களுக்கு நுரையீரல் சிறிது என்று முன்கூட்டியே ஒரு பங்கைக் கழித்துவிட்டால், ஊட்டமின்மையும் அடுப்புப் புகையும் தறித் தூசியும் சிறுத்துப்போக வைத்ததையும் 'உங்களுக்கு இயல்பு இதுதான்' என்று சொன்னதாகிவிடும். இனத்தை வைத்து அளவைத் திருத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2023-இல் பரிந்துரைத்ததற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். அட்டவணை எதுவானாலும், அந்த அம்மாவின் போன வருட அளவோடு இந்த வருட அளவை ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு என்பது என் கருத்து.

தமனி ரத்தத்தின் வாயுவை அளக்கும் கருவி எல்லா ஊரிலும் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியிருக்கும். கடிகாரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இந்தக் கணக்கின் முதல் எண்ணான மூச்செண்ணிக்கைக்கு அது ஒன்றே போதும். ஆனால் மருத்துவத்தில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் எண்ணும் அதுதான். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இயந்திரத்திலிருந்து வந்து விழுகின்றன. மூச்சை மனிதர்தான் எண்ண வேண்டும். ஒரு வார்டு முழுவதும், காய்ச்சல்காரருக்கும் கால் முறிந்தவருக்கும், எல்லாத் தாளிலும் 20 என்றே எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உலகம் முழுவதும் நடக்கிற தவறு இது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை. முப்பது படுக்கைக்கு ஒருவராக நிற்பவர் அவர். ஆனால் அந்த 20 ஒரு அளவே அல்ல. யாரும் நின்று பார்க்கவில்லை என்பதற்கு அது அடையாளம்.

வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியர்கள் இதை எத்தனையோ காலமாகச் செய்துவருகிறார்கள். இருமலோடு இருக்கும் குழந்தையின் சட்டையை உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து, நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுவார்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே நிமோனியாவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. குழந்தை நின்று நின்று மூச்சு விடும். ஒன்று தவறினாலும் பெருக்கும்போது நான்காகிவிடும். முழு நிமிடமும் நின்றுதான் ஆக வேண்டும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்று. எவ்வளவு பாடுபட்டோம் என்பதை உயிர் கணக்கில் எடுப்பதில்லை. எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் எடுக்கிறது. கேட்கக் கொடுமையாக இருக்கும். நிமிடத்துக்கு முப்பது தடவை முட்டி மோதும் அந்த மனிதருக்கு உடம்பு ஒரு சலுகையும் தருவதில்லை. ஆனால் இந்தக் கொடுமையான உண்மைதான் சுற்றி நிற்பவருக்குக் கடமையைச் சொல்லித்தருகிறது. அவருடைய பாட்டைப் பார்த்து 'நல்லாத்தான் மூச்சு விடுறாரு' என்று திருப்திப்படக் கூடாது. சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். கொடுப்பவருக்கும் அதே கணக்குதான். எத்தனை சிலிண்டர் அனுப்பினோம், எத்தனை வெண்டிலேட்டர் வாங்கினோம், எத்தனை பேருக்குக் கருவி மாட்டினோம் என்பவை பெருக்கி வந்த மொத்தங்கள். இதில் பாதையிலேயே நின்றுவிட்டது எவ்வளவு என்று கழித்துப் பார்க்காதவரைக்கும் அந்த மொத்தத்துக்கு அர்த்தமில்லை. கழிப்பதற்கு அந்த ஒருவரை அருகில் போய்ப் பார்த்தாக வேண்டும்: அவருடைய உயரம், அவருடைய நுரையீரல், அவர் இழுத்த புகை, இந்த நிமிடத்தின் அவருடைய மூச்சு. கணக்கு என்றால் மனிதரை எண்ணாக்கிவிடுவது என்று பலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். மூச்சுக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அதைச் சரியாகப் போட வேண்டுமானால் அந்த மனிதரைப் பார்க்காமல் போடவே முடியாது.

ஆகவே இதைப் படிப்பவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால் விரலில் கருவியை மாட்டுங்கள், அதோடு நிற்காதீர்கள். எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லாமல், கைப்பேசியில் நேரம் வைத்து, நெஞ்சையோ வயிற்றையோ பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவருக்கு 25-ஐத் தொட்டாலோ, பேச்சு பாதியில் நின்றாலோ, விரலில் எண் நன்றாக இருந்தும் அவர் காரணமில்லாமல் மயங்கிச் சாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணியதை நேரத்தோடு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். பீடி சுற்றிய வருடங்களையும் விறகடுப்பில் சமைத்த வருடங்களையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இன்று நலமாக இருக்கும்போதே வீட்டிலுள்ள பெரியவர்களைச் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்து, மருத்துவச் சீட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.